மூன்றாவது வரிசை

மே 3, வெள்ளி

காலையில் பெருந்துறை ரோட்டில் ஒரு லாரி, மதியம் சித்தோடு தாண்டி ஒரு கார். இரண்டுக்கும் ரிப்போர்ட் முடித்தாகிவிட்டது. இருபத்தொரு வருஷமாக இதுதான் தொழில். இடித்த வண்டியைப் போய்ப் பார்த்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டிச் சரிசெய்யலாம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது. சர்வேயர் பொன்னுரங்கம் என்று போர்டு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, தோட்டம் அளக்க வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு.

சாயங்காலம் கலாமணி மறுபடியும் வண்டிப் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, எட்டு வண்டி பாத்தாச்சு. எல்லாத்துலயும் ஒரு நொட்டை. என்னையப் பொண்ணுப் பாக்க வந்தப்ப அரைமணி நேரத்துல முடிவு பண்ணுனீங்க."

"அப்ப எனக்கு அனுபவம் பத்தல" என்றேன். அதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

விஷயம் இதுதான். தை மாதம் வரை நாங்கள் நாலு பேர்: நான், கலாமணி, தாரணி, முகில். தையில் என் தங்கை வளர்மதி இனித் தனசேகரோடு வாழ முடியாது என்று இரண்டு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆதிரனுக்கு ஐந்தரை வயது, மகிழினிக்கு மூன்று. இப்போது ஏழு பேர். கார் ஐந்து பேர் உட்காரும் கார். எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று வளர் சொல்வாள்: "நீங்க போய்ட்டு வாங்கண்ணா, எனக்குத் தலைவலி." நாலு மாதமாக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலைவலி. போன மாதம் கலாமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளை விட்டுவிட்டு இனிக் கோயிலுக்குக்கூட வரமாட்டாளாம்.

ஜூன் 9 மகிழினிக்குக் காதுகுத்து. காங்கேயம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், மாமன் நான். அதற்குள் மூன்று வரிசை வண்டி ஒன்று வேண்டும்.

மே 6, திங்கள்

ஒன்பதாவது வண்டி. வேண்டாம். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்த்தேன், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை. வெள்ளத்தில் நின்ற வண்டி. விற்கிறவர் இல்லையென்று கோயிலில் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்.

மே 11, சனி

அப்பாஸ் பாய் போன் செய்தார். பழைய வண்டி விற்பவர்களில் பொய் குறைவாகச் சொல்பவர்.

"சார், உங்களுக்குன்னே ஒண்ணு வந்துருக்குதுங்க. வந்து பாத்துப்போட்டுத் திட்டுங்க."

வெள்ளை, டீசல், எட்டு வயது. முதலில் கர்நாடகத்தில் ஓடியது. மூன்று வருஷத்துக்கு முன் இங்கே ஒரு மில் மேனேஜர் வாங்கித் தமிழ்நாட்டு நம்பர் போட்டிருக்கிறார். எழுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர். பெடல் ரப்பர் தேய்மானமும் அதையேதான் சொல்கிறது.

குளிர்ந்த எஞ்சின் ஒரே உதறலில் எடுத்தது. புகை இல்லை. நாலு கதவுக்கும் ஒரே சத்தம். ஸ்டீயரிங்கை விட்டால் நேராகப் போகிறது. நடு இருக்கை ஒரு பட்டையை இழுத்தால் மடங்குகிறது, மகிழினியேகூட ஏறிவிடலாம். மூன்றாவது வரிசைக்குத் தனி ஏசி துளை இருக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும், குழந்தைகளுக்குச் சரி. அந்த வரிசையின் உறை மட்டும் பிற்பாடு தைத்தது, நல்ல கைத்தொழில். இருக்கையின் முதுகுக்கும் பின்கதவுக்கும் ஒரு சாணும் நாலு விரலும்தான் இடைவெளி. பைகளை மேலே கட்டிக்கொள்ள வேண்டும்.

பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டர் முன்கதவுகளில் நூற்றுப்பத்து காட்டியது, பின்பக்கம் இருநூற்று அறுபது. எப்போதோ உரசி, மேலே மறுபடி பெயிண்ட் அடித்திருப்பார்கள். எட்டு வருஷ வண்டியில் இது சாதாரணம். பின்தளத்தில் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கியபோது தகடுகள் சேரும் இடத்து ஒட்டுப்பசை பிரஷ்ஷால் தடவியது போலத் தெரிந்தது. ஃபேக்டரியில் போட்டால் அது கோடு போட்ட மாதிரி இருக்கும். முழுதாகப் பார்க்க இருக்கையைக் கழற்ற வேண்டும். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்புமுன் வழக்கம்போல் சேஸி நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டேன். நான் தொட்ட ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஓர் அச்சு நோட்டில் ஒட்டியிருக்கிறது. நம்பர் பலகையை மாற்றலாம், இரும்பில் வெட்டிய நம்பரை மாற்ற முடியாது.

"திட்டறதுக்கு ஒண்ணுமில்ல போல" என்றார் அப்பாஸ்.

"இன்னும் முடியல" என்றேன்.

மே 12, ஞாயிறு

கலாமணியிடம் சொன்னேன். ஒன்பதுக்கும் சொன்ன மாதிரி இதற்கும் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தாள். நான் சொல்லவில்லை.

மே 14, செவ்வாய்

அந்த வண்டிக்கு முன்பு ஏதாவது கிளெய்ம் இருக்கிறதா என்று கம்பெனியில் கேட்டால் ஒரு போனில் சொல்லிவிடுவார்கள். நாளை கேட்க வேண்டும்.

மே 15, புதன்

கேட்கவில்லை. பவானியில் மூன்று வண்டி வேலை.

மே 19, ஞாயிறு

அப்பாஸ் ஒரு நாளைக்கு வண்டியைக் கொடுத்தார். ஏழு பேரும் பவானிசாகர் போய் வந்தோம். வளர் வாசலில் "தலை..." என்று ஆரம்பித்தாள். கலாமணி அவள் கையில் தண்ணீர்க் கூடையைத் திணித்து ஏற்றிவிட்டாள்.

குழந்தைகள் நாலு பேரும் மூன்றாவது வரிசைக்கு ஓடினார்கள். பெல்ட் போட்டுவிட வளர் பின்னால் ஏறினாள். ஒரு நிமிஷம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு எல்லாரையும் கீழே இறக்கி நடுவரிசைக்கு அனுப்பிவிட்டாள். ஆதிரன் அழுதான். முகில் என்னிடம் நியாயம் கேட்டான்.

"ஏம்புள்ள, அங்க ரெண்டு சீட்டு இருக்குதல்ல?" என்று கலாமணி கேட்டாள்.

"எனக்குக் காலை நீட்டோணுங்க அண்ணி. நாங் கொஞ்சம் தனியா உக்காந்துக்கறேன்."

நடுவில் நாலு குழந்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் வளர் மட்டும், பக்கத்தில் ஓர் இடம் காலி. எப்போதும் எல்லாருக்கும் மிச்சமான இடத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்பவள், அதனால் நான் பெரிதாக நினைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் இருக்கை ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

வண்டியைப் பற்றி: ஏழு பேர் பாரத்தில் மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறியது. பின்பக்கம் வேகத்தடையில் லேசாகக் கிறீச்சிட்டது, ரப்பர் புஷ்ஷாக இருக்கும். லிட்டருக்குப் பதினான்கு. அணையில் மீன் வறுவல் தின்றோம். திரும்பி வரும்போது கலாமணி பாடினாள், கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்டு இது இரண்டாவது தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மே 20, திங்கள்

கலாமணி காதுகுத்துப் பத்திரிகைக்குப் பெயர்கள் எழுதினாள். புதன்கிழமை நல்ல நாளாம், அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றாள். சரி என்றேன்.

வளர் மட்டும் கேட்டாள்: "வேற வண்டியே கெடைக்காதுங்களாண்ணா?"

மே 21, செவ்வாய்

பழைய நோட்டுகளை எடுத்துத் துடைத்தேன். தூசி.

மே 22, புதன்

அப்பாஸுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். விலை கட்டாது என்றேன். அவர் விலையைக் குறைத்தார். அப்போதும் வேண்டாம் என்றேன்.

வீட்டில் கலாமணிக்கு வந்த கோபத்தை எழுதப் பக்கம் போதாது. "புள்ளைங்களை ஏத்திச் சுத்திக் காட்டிப்போட்டு இப்ப வேண்டாங்கறீங்களே, இது என்னங்க நாயம்?" நியாயம் இல்லைதான். வளர் தலையைக் குனிந்துகொண்டு அரிசி களைந்தாள். அவள் முகத்தில் நிம்மதி மாதிரி ஒன்று தெரிந்தது. ஏனென்று கேட்கவில்லை.

மே 24, வெள்ளி

எழுதிவிடுவது நல்லது.

செவ்வாய்க்கிழமை, புது அச்சை ஒட்டுவதற்கு முன் ஆறு வருஷத்துக்கு முந்தைய நோட்டைப் புரட்டினேன். எதற்கு அந்த வருஷத்து நோட்டை எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கர்நாடக நம்பர், வெள்ளை, பின்பக்கத்து ஒட்டுப்பசை, அந்தக் கிறீச். பத்து நாளாக மனதுக்குள் ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது. நான்தான் கதவைத் திறக்கவில்லை. நடுப்பக்கத்தில் அதே அச்சு. பதினேழு எழுத்தும் எண்ணும் அப்படியே. கீழே என் கையெழுத்து.

பெருந்துறை பைபாஸில் பின்னாலிருந்து லாரி இடித்த வண்டி. மைசூர்க்காரர்கள். பின்வரிசையில் அன்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அதனால் உயிர்ச்சேதம் இல்லை. பின்கதவு நடு இருக்கை வரை வந்துவிட்டது, அடிச்சட்டம் இரண்டும் மடங்கிவிட்டன. செலவு வண்டி மதிப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ்: வண்டியைப் பழுதுபார்க்கக் கூடாது, உடைக்கத்தான் அனுப்ப வேண்டும். நான் முதலில் போட்ட கணக்கு எண்பத்தொன்று. நோட்டில் பென்சிலில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் எழுபத்திரண்டு.

வளருக்கும் தனசேகருக்கும் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம். சித்தோட்டில் புதுப் பட்டறை போட்டு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். "மச்சான், இந்த ஒரு வண்டி நம்ம பட்டறைக்கு வந்துச்சுன்னா நாஞ் சமாளிச்சுக்குவேன்" என்றான். இரண்டு அடிச்சட்டத்துக்கும் பின்தளத்துக்கும் எதிரே 'மாற்ற வேண்டும்' என்று இருந்ததை 'சரிசெய்யலாம்' என்று ஆக்கினேன். மூன்று இடத்தில் ஒரு சொல். அவன் சரிசெய்யக்கூட இல்லை என்று அந்தப் பெயிண்டையும் பசையையும் சேர்த்துப் பார்த்தால் இப்போது தெரிகிறது. பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு வண்டியின் பின்பாதியை வெட்டி வந்து ஒட்ட வைத்திருக்கிறான். வேலை முடிந்த பிறகு போய்ப் பார்த்து நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போகாமலே போட்டேன். மாப்பிள்ளை பட்டறைக்குப் போய் டார்ச் அடித்துப் பார்ப்பதா என்று இருந்தது.

அந்த ஒட்டின் மேல்தான் ஞாயிற்றுக்கிழமை என் தங்கை உட்கார்ந்து வந்தாள். குழந்தைகளும் அங்கே உட்கார ஓடினார்கள். எழுதும்போது பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

மே 25, சனி

மின்வாரியத்துக்குப் பணம் கட்டினேன். முகிலுக்குக் கண் பரிசோதனை. கண்ணாடி வேண்டாமாம்.

மே 28, செவ்வாய்

அப்பாஸை ரோட்டில் பார்த்தேன். வண்டியைக் கவுந்தப்பாடிக்காரர் ஒருவர் பேசி முடித்துவிட்டார். கூட்டுறவு சங்கத்தில் வேலை. அவரும் மனைவியும், மூன்று பெண் பிள்ளைகள், அவருடைய அப்பா அம்மா, ஆக ஏழு பேர்.

"நீங்க பாத்து வெச்ச வண்டின்னு சொன்னனுங்க சார். சர்வேயரு குடும்பத்தோட ஓட்டிப் பாத்தாரு, விலைதான் ஒத்துவரலைன்னேன். அதக் கேட்டுத்தான் உடனே அட்வான்ஸ் குடுத்தாருங்க."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். பெயர் மாற்றும் வேலை அடுத்த வாரம் முடியுமாம்.

மே 29, புதன்

வேலைக்குப் போகவில்லை. எனக்குத் தலைவலி.

மே 30, வியாழன்

காலையில் கலாமணி மார்க்கெட் போயிருந்தாள். வளர் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, அந்த வண்டி யாருக்குப் போச்சுங்க?"

சொன்னேன். மூன்று பெண் பிள்ளைகள் என்றதும் மடிப்பதை நிறுத்தினாள்.

"அந்தப் பின்சீட்டு உறை நாந் தெச்சதுங்கண்ணா."

கையிலிருந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"அப்ப ஆதிரன் வயித்துல. பட்டறையில தைக்கறதுக்கு வெளிய ஆளு வெக்க முடியாதுன்னு சீட்டைக் கழட்டிக் கொண்டாந்து வூட்டு முன்னால போட்டாரு. ஓரத்துல ரெட்டைத் தையல் போட்டு உள்பக்கம் மடிச்சு வுடறது எங்கையி. ஏறி நின்னதுமே தெரிஞ்சுபோச்சு. இடிபட்ட பின்பாதிய வாசல்ல வெச்சுத்தான் வெட்டுனாங்க. மூணு நாளு தீப்பொறி பறந்துச்சு."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"எல்லாரும் சந்தோசமா இருந்தீங்க. எனக்காவ வாங்கறீங்க. நாம் போயி எப்படிண்ணா சொல்றது? அதான் நானே அங்க உக்காந்துக்கிட்டேன்." பிறகு நிமிர்ந்து, "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

நோட்டைக் காட்டினேன். எண்பத்தொன்றையும் காட்டினேன். அவளுக்கு அந்த எண்கள் புரியாது என்று நினைத்தேன். பட்டறைக்காரனோடு ஆறு வருஷம் வாழ்ந்தவள், பார்த்ததும் புரிந்துகொண்டாள். நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு மிச்சத் துணியை மடித்தாள்.

"கவுந்தப்பாடிக்கு எப்பப் போறீங்க?" என்றாள்.

"பாக்கலாம்."

"நானும் வர்றேன்."

மே 31, வெள்ளி

கலாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்ப ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குது. நான் ஒருத்திதான் பாட்டுப் பாடிக்கிட்டு வந்திருக்கறேன்" என்றாள். அதற்குத் திட்டே தேவலை.

லைசென்ஸ் போய்விடுமா என்று கேட்டாள். போகலாம் என்றேன்.

ஜூன் 1, சனி

மோட்டார் சைக்கிளில் நானும் வளரும் போனோம். ஒரு மணி நேரம். பையில் பழைய ரிப்போர்ட்டின் நகல், இரண்டு அச்சுகள்.

அவர் பெயர் ருத்ரமூர்த்தி. நல்ல மனிதர். சர்வேயர் என்றதும் எழுந்து நின்றார். மோர் வந்தது. பெண் பிள்ளைகள் மூன்று பேரும் கதவுக்குப் பின்னால் நின்று யார் யார் எங்கே உட்காருவது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டிக்குப் பின்வரிசை வேண்டுமாம், பின்னால் வருகிற வண்டிகளுக்கு டாட்டா காட்டலாமாம்.

அச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரிப்போர்ட் பேசுகிற மாதிரியே பேசினேன்: முன்பு ஒரு விபத்து, பழுதுபார்த்ததில் பெரிய குறை நேர்ந்திருக்கிறது, பட்டறைக்காரர் ஒழுங்காகச் செய்யவில்லை, பின்பக்கத்துக்குப் பலம் இல்லை, ஆகவே வண்டி உகந்ததல்ல.

"பட்டறைக்காரரு எம்பட வூட்டுக்காரருங்க" என்றாள் வளர். "அவரு பண்ணுனது தப்புத்தான். ஆனா எங்கண்ணன் மாத்தி எழுதாம இருந்திருந்தா வண்டி பட்டறைக்கே வந்திருக்காதுங்க. அன்னிக்கே ஒடைக்கப் போயிருக்கும். அதையும் சொல்லுங்கண்ணா."

சொன்னேன்.

ருத்ரமூர்த்தி என்னைத் திட்டவில்லை. அவர் மனைவிதான் கேட்டார்: "இத்தனையும் தெரிஞ்சும் அப்பாசு பாய்க்கிட்ட விலை கட்டலைன்னு சொன்னீங்களே சார், நாங்க அத நம்பித்தானுங்க வாங்குனோம்?"

ஆமாம் என்றேன். எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 3, திங்கள்

அப்பாஸ் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னோடு பேசுவதில்லை. வண்டி அவர் யார்டில் பின்பக்கம் நிற்கிறது. யாருக்கும் பெயர் மாற்றக் கூடாது என்று ஆர்டிஓவுக்கும், காரணத்தைக் கம்பெனிக்கும் எழுதிப் போட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

வேன் பேசிப் போனோம். காது குத்தியாயிற்று. மகிழினி என் மடியில் உட்கார்ந்து என் கட்டைவிரலைக் கடித்தாள். தனசேகர் வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

கம்பெனியிலிருந்து பதிவுத் தபால். ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த மதிப்பீடு ஏன் குறைத்து எழுதப்பட்டது என்று பத்து நாளில் விளக்கம் தர வேண்டும். அதுவரை எனக்குப் புது வேலை கிடையாது. கலாமணி கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சாமி மாடத்தில் வைத்தாள்.

ஜூன் 27, வியாழன்

மூன்று நாளாக எழுதி ஒன்றரைப் பக்கம் வந்தது. நன்றாகவே வந்திருந்தது. 'அச்சமயம் புதிதாகத் திருமணமான என் தங்கையின் வாழ்க்கை நிலைபெற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்' என்று ஒரு வரி. படிக்கிறவர் மனம் இளகும்.

வளரிடம் காட்டினேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். என் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

"இது வேண்டாங்கண்ணா."

"உம் பேரு எங்கயும் இல்லையே. தங்கைன்னுதான போட்டிருக்கு."

"அதுவும் வேண்டாம். நான் உங்களக் கேக்கவே இல்லையேண்ணா. பட்டறைக்கு வேலை குடுங்கன்னும் கேக்கல, வண்டி வாங்குங்கன்னும் கேக்கல. எல்லாத்தையும் எந் தலையில வெச்சா நான் எங்க போறது?"

குரலை உயர்த்தவில்லை. பென்சிலைத் திரும்ப என் பையில் செருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வரி போனதும் மிச்சப் பக்கத்துக்கு நிற்க இடமில்லை. புதுத் தாளில் எழுதினேன்: 'சரியான மதிப்பீடு எண்பத்தொன்று. அது தெரிந்தே நான் எழுபத்திரண்டு என்று எழுதினேன். வேலை முடிந்த வண்டியைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்திட்டேன்.' இவ்வளவுதான். இதற்கு மதியம் வரை ஆயிற்று.

கம்பெனிக்கு எழுதாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். அன்றைக்கு ரிப்போர்ட்டை மாற்றுமுன் வளரைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.